ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7: கைக்கு எட்டுவதும் எட்டாததும்

ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஆகிய இரண்டு கேமராக்களும் 2019ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தவை. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து முன்னதன் எடை 257 கிராம்; பின்னது 302 கிராம். இரண்டையும் ஒரே தோள்பையில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடந்தாலும் பாரம் தெரியாது. சில ஆண்டுகளாக நான் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். கோயில் சிற்பங்கள், கல்வெட்டுகள், மயிலாப்பூர்த் தெருக்கள், மார்கழி மாத நாட்டிய மேடைகள் ஆகியவையே நான் பெரும்பாலும் எடுப்பவை. இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எடுக்க நினைக்கும் பொருளுக்கு அருகில் உங்களால் போக முடியுமா?

அப்படிக் கேட்பதற்கான காரணம் லென்ஸிலும் சென்சாரிலும் இருக்கிறது. ஜிஆர் 3இல் ஏபிஎஸ்-சி அளவிலான 24 மெகாபிக்சல் சென்சாரும், ஜூம் வசதியே இல்லாத 18.3 மி.மீ. லென்ஸும் உள்ளன. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் இது 28 மி.மீ. கொண்ட அகலக் கோணம்; அபர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை, எஃப் 2.8 (எண் குறையக் குறையத் துளை பெரிது). சோனியில் இருப்பது ஒரு அங்குல வகையைச் சேர்ந்த 20 மெகாபிக்சல் சென்சார்; லென்ஸ் அதே கணக்கில் 24இலிருந்து 200 மி.மீ. வரை நீளும், அபர்ச்சர் தொடக்கத்தில் 2.8, முடிவில் 4.5. ஜிஆரின் சென்சார் பரப்பளவில் சோனியுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. ஒரே அபர்ச்சரில் எடுத்தாலும் இதனால் ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது) வெளிச்சம் கூடுதலாகச் சேர்கிறது. சோனியை 200 மி.மீ. வரை நீட்டும்போது அதன் அபர்ச்சரும் சுருங்கிவிடுவதால் இடைவெளி மூன்று ஸ்டாப்பை நெருங்கிவிடுகிறது. ஜிஆர் வெளிச்சத்தைத் தருகிறது, தூரத்தைத் தராது. சோனி தூரத்தைத் தருகிறது, அதற்கான விலையை வெளிச்சத்தில் வசூலித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே நான் கண்ட மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கின் கிளைகளே.

தெருவில் ஜிஆருக்கு ஈடு இல்லை என்பது என் முடிவு. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று அறுபத்துமூவர் விழா நடக்கும்போது, மாடவீதிகளில் காலை ஊன்றி நிற்பதற்கே இடம் இருக்காது. பல்லக்கைச் சுமந்து வரும் சீர்பாதம் தாங்கிகளின் முகம் இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு கணம் தெரியும். அடுத்த கணம் யாரோ ஒருவருடைய முதுகு குறுக்கே வந்துவிடும். இத்தகைய இடத்தில் எவ்வளவு வேகமான ஆட்டோஃபோகஸும் ஓர் இடையூறுதான். ஜிஆரில் ஸ்னாப் ஃபோகஸ் என்றொரு ஏற்பாடு உண்டு. ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால், ஷட்டர் பொத்தானை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தும்போது கேமரா எதையும் தேடாமல் அந்தத் தூரத்திலேயே படத்தை எடுத்துவிடும். பாதி அழுத்தினால் வழக்கம்போல ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். அபர்ச்சரை எஃப் 8இல் வைத்து, தூரத்தை 2.5 மீட்டர் என்று குறித்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு மீட்டரைத் தாண்டியதிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகாமல் மார்பளவில் பிடித்தபடியே எடுக்கலாம். நீர்மோர்ப் பந்தலில் டம்ளரை நீட்டுகிற கையும், வாங்குகிற குழந்தையும், பின்னணியில் அசைந்து வரும் பல்லக்கும் ஒரே படத்தில் கூர்மையாக அமைவது இப்படித்தான். ஜிஆரின் ஷட்டர் சத்தம் திருவிழாக் கூட்டத்தில் எடுப்பவர் காதுக்கே கேட்காது.

சோனியாலும் தெருவில் எடுக்க முடியும். அதன் ஆட்டோஃபோகஸ் உண்மையிலேயே வேகமானது. முகத்தையும் கண்ணையும் கண்டுபிடித்துப் பின்தொடர்வதில் ஜிஆர் அதன் அருகில்கூட நிற்க முடியாது. ஆனால், சோனி எந்த முகத்தைப் பிடிக்கும் என்பது கூட்டத்தில் நம் கையில் இல்லை. மேலும், அதன் உடல் வழவழப்பானது. வியர்த்த கையில் நழுவப் பார்க்கும். தனியாகக் கிடைக்கும் ரப்பர்ப் பிடியை ஒட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஜிஆரை ஒரே கையில் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலுமே எல்லா அமைப்புகளையும் மாற்றிக்கொள்ளலாம். மற்றொரு கை குடைக்கோ, பையைக் காப்பதற்கோ மிச்சமாகும்.

வெயிலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜிஆரில் அபர்ச்சரை 2.8இல் திறந்து வைத்தால் ஷட்டர் வேகம் 1/2500 நொடிக்கு மேல் போகாது. சென்னையின் நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 100க்குத் தேவைப்படும் வேகம் அதையும் சற்றுத் தாண்டிவிடும். வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் வெளிறிப்போகும். இதற்காகவே கேமராவின் உள்ளே வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். தானாகச் சேர்ந்துகொள்ளும்படி அமைத்துவிட்டால் பிறகு அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. சோனியில் அந்த ஃபில்டர் இல்லை. மாறாக, எலக்ட்ரானிக் ஷட்டர் 1/32000 நொடி வரை போகும். வெயிலில் சோனியின் உண்மையான பலம் வேறு ஒன்று: பொத்தானைத் தட்டினால் மேலெழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். ஜிஆரில் வியூஃபைண்டர் கிடையாது. மேலே செருகும் கண்ணாடி வியூஃபைண்டரைத் தனியாக வாங்கலாம் என்றாலும், அதில் ஃபோகஸ் எங்கே விழுந்தது என்பது தெரியாது. கடும் வெயிலில் ஜிஆரின் திரையைப் பார்த்துச் சட்டகத்தை நேராக வைப்பது பாதி ஊகம்தான்.

கோயில்களில் இரண்டு கேமராக்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள அடித்தளத்தில், நாயன்மார்களின் வரலாறுகள் சிறுசிறு கற்பலகைகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பிகள் ஒரு முழுக் கதையையும் ஒரு சாண் உயரத்துக்குள் சொல்லி முடித்திருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கல்லருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய வேலைப்பாடு அது. ஜிஆரின் மேக்ரோ முறை லென்ஸின் முனையிலிருந்து 6 முதல் 12 செ.மீ. வரையிலான தூரத்தில் ஃபோகஸ் செய்கிறது. உளி பட்ட தடமும், கல்லின் மணிமணியான பரப்பும், பின்னாளில் பூசிய சுண்ணாம்பின் மிச்சமும்கூட அதில் பதிகின்றன. தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள இடங்களில் முன் அனுமதியின்றி முக்காலியைப் பயன்படுத்த முடியாது என்பதால், மண்டப நிழலில் கைநடுக்கம் பெரிய சிக்கல். ஜிஆரின் சென்சார் நடுக்கத்துக்கு எதிராகத் தானே நகர்ந்து கொடுப்பதால், தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு 1/8 நொடியில் எடுத்த படங்களும் பெரும்பாலும் கூர்மையாகவே வருகின்றன.

கல்வெட்டுகளுக்கும் நான் ஜிஆரையே எடுக்கிறேன். தேய்ந்த எழுத்தைப் படிக்கும்படி எடுப்பதில் கேமராவைவிட வெளிச்சத்தின் திசைதான் முக்கியம். காலை அல்லது மாலை வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். கேமராவின் பங்கு அதற்குப் பிறகுதான் வருகிறது: சட்டகத்தின் ஓரங்களில் உள்ள எழுத்தும் நடுவில் உள்ள எழுத்தைப் போலவே தெளிவாக இருக்க வேண்டும். அபர்ச்சரை எஃப் 5.6இல் வைத்துச் சுவருக்கு நேராக நின்று எடுத்தால், ஜிஆரின் படத்தில் வரியின் கடைசி எழுத்து வரை படிக்க முடிகிறது. சோனியின் 24 மி.மீ. முனையில் மூலைகள் சற்றே குழைகின்றன. ஜூமை நடுவில் வைத்தால் சரியாகிவிடுகிறது என்றாலும், குறுகிய திருச்சுற்றில் அதற்காகப் பின்னோக்கி நடக்க இடம் கிடைப்பதில்லை.

தலையை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கும்போது நிலைமை தலைகீழாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். அதன் அடியில் நின்று ஜிஆரை மேல்நோக்கிப் பிடித்தால் விமானம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். தூரத்திலிருந்து எடுத்தால் மேல்தள உருவங்கள் பொட்டுகளாகிவிடும். ஜிஆருக்குள் படத்தை வெட்டி 50 மி.மீ. கோணத்துக்குக் கொண்டுவரும் வசதி இருந்தாலும், அப்போது 24 மெகாபிக்சலில் சுமார் 7 மட்டுமே மிஞ்சும். சோனியோடு திருச்சுற்று மாளிகையின் நிழலில் வசதியாக நின்றுகொண்டு, வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்து, 200 மி.மீ. வரை நீட்டினால், மேல்தளத்துப் பூதகணங்களின் பல்வரிசை வரை பார்க்கலாம். வெட்டவெளி வெயிலில் இருப்பதால், வெளிச்சம் குறைந்த லென்ஸ் என்ற குறையும் இங்கே தெரிவதில்லை. கோபுரத்துச் சுதைகளை எடுக்க விரும்புகிறவர் ஜிஆரை மட்டும் வாங்கினால் வருந்துவார்.

நாட்டிய மேடைதான் சோனிக்கு உண்மையான சோதனை. அனுமதி பெற்று எடுக்கும் நிகழ்ச்சிகளிலும் பார்வையாளர் இருக்கையை விட்டு எழுந்து முன்னால் போக இயலாது; எனவே ஜிஆருக்கு அங்கே இடமே இல்லை. ஆடுபவர் ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசி அடவில் காலை ஊன்றும் கணத்தை உறைய வைக்க 1/400 நொடியாவது வேண்டும். வழக்கமான மேடை வெளிச்சத்தில் எஃப் 4.5க்கு அது ஐஎஸ்ஓ 3200 வரை இழுத்துச் செல்கிறது. ஒரு அங்குல சென்சாரில் அந்த அளவுக்குப் போனால் பட்டுப்புடவையின் சரிகை வேலைப்பாடு மாவாகத்தான் வரும். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் மென்பொருளில் பொறுமையாகத் திருத்தினால் அஞ்சலட்டை அளவுக்கு அச்சிடலாம். சுவரில் மாட்டும் அளவுக்கு அல்ல. ஆயினும், கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், நொடிக்கு 20 படங்கள், சிறிதும் ஓசையில்லாத ஷட்டர் ஆகிய மூன்றும் சேரும்போது, அபிநயத்தில் புருவம் உயர்ந்து இறங்குவதற்குள் வேண்டிய கணம் கிடைத்துவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: எல்இடி விளக்குகள் பொருத்திய மேடைகளில் ஓசையில்லா எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழக்கூடும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுவதே நல்லது. அதன் மெல்லிய சத்தம் மிருதங்கத்தில் மறைந்துவிடும்.

பூச்சிகளை எடுப்பதில் ஓர் எதிர்பாராத முடிவுக்கு வந்தேன். மேக்ரோ என்றால் ஜிஆர் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் 6 செ.மீ. அருகில் கேமராவைக் கொண்டுபோனால் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருக்காது, இருந்தாலும் அதன்மேல் நம் நிழல் விழுந்துவிடும். சோனியை முழுவதும் நீட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது பறப்பதில்லை. பறவைகளைப் பொறுத்தவரை இரண்டுமே போதாது. வேடந்தாங்கலின் கரையிலிருந்து பார்த்தால் ஏரி நடுவே மரத்திலிருக்கும் நாரை 200 மி.மீ.க்கும் எட்டாது, கூட்டமாகப் பறப்பதை வேண்டுமானால் எடுக்கலாம்.

நிறங்களில் ஜிஆர் என் விருப்பம். பாசிட்டிவ் ஃபிலிம் என்ற அமைப்பில் மஞ்சளும் சிவப்பும் நம் ஊர் வண்ணங்களுக்குப் பொருந்தி வருகின்றன. ரா கோப்பைக் கேமராவுக்குள்ளேயே திருத்தி ஜேபெக் ஆக்கிக்கொள்ள முடிவதால், ஊர் திரும்பும் ரயிலிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சோனியில் இந்த வசதி இல்லை; எல்லாவற்றையும் கணினியில்தான் செய்ய வேண்டும். வீடியோவுக்கு யோசிக்கவே வேண்டாம்: சோனியில் 4கே தரமும் வெளி மைக் செருகும் துளையும் இருக்கின்றன, ஜிஆரில் ஃபுல் ஹெச்டி மட்டும்தான், அதுவும் ஒப்புக்குத்தான்.

பேட்டரி இரண்டிலும் சிறியது. தர அளவீட்டின்படி ஜிஆருக்கு 200 படங்கள், சோனிக்கு 260. ஒரு முழுநாள் கோயில் பயணத்துக்கு ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு பேட்டரிகள் வைத்துக்கொள்கிறேன். ஜிஆர் யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஆவதால் ஃபோனுக்கான கம்பியே போதும். சோனிக்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி கம்பியை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டிலும் தூசிக்கும் மழைக்கும் தடுப்பு கிடையாது. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதனுடன் வரும் தூசி சென்சாரில் படிவதைப் பற்றி ஜிஆர் வரிசையைப் பயன்படுத்துகிறவர்கள் பல காலமாகவே பேசி வருகிறார்கள். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்கள் என்பதால் நாமே துடைக்கவும் வழியில்லை. கடற்கரையிலும் விபூதி, குங்குமம் பறக்கும் இடங்களிலும் கேமராவை அணைத்துப் பைக்குள் வைப்பதும், வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைப்பதும் சென்னைவாசிகளுக்குக் கட்டாயம். இங்குள்ள ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

இரண்டாம் கையாக வாங்குபவர்கள் கடையிலேயே ஒரு சோதனையைச் செய்துவிடலாம். ஜிஆரில் அபர்ச்சரை எஃப் 16க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், தூசி இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். சோனியில் ஜூமைப் பலமுறை நீட்டிச் சுருக்கி, மோட்டார் ஓசை சீராக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வியூஃபைண்டர் தடையின்றி எழும்பி அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, 24, 100, 200 மி.மீ. ஆகிய மூன்று நிலைகளிலும் நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே அளவு தெளிவாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால், அந்தக் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும் என்று எண்ணி, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.