ஸ்கூபா கற்க அந்தமானா, புதுச்சேரியா? ஓர் ஏற்காட்டுக்காரனின் கணக்கு

மலையில் குடியிருப்பவனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று மனைவி இன்றும் கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்கூபா ஆசை வந்துவிட்டது: முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, நீருக்கடியில் மூச்சுவிட்டபடி நீந்துவது. சேலத்தில் இருக்கும் மைத்துனனுக்கும் அது தொற்றிக்கொண்டது. இருவருக்கும் வேண்டியது ஒரே சான்றிதழ்: 18 மீட்டர் ஆழம் வரை இறங்கத் தகுதி தரும் 'ஓப்பன் வாட்டர்' பயிற்சி. அவன் அந்தமானுக்குப் போனான். ஹேவ்லாக் என்றே எல்லோரும் இன்னும் சொல்லும் சுவராஜ் தீவுக்கு. நான் புதுச்சேரிக்குப் போனேன். நான் எந்தக் கட்சி என்பதை மறைக்கப்போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். அழகு அந்தமானில்தான். தண்ணீர் தெளிவு, பவளப்பாறை, மீன் எதிலும் புதுச்சேரி அதனுடன் போட்டிக்கு நிற்காது. என் இரண்டாவது டைவில் ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஆசிரியர் காலில் மாட்டியிருந்த மஞ்சள் துடுப்பைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன். பயிற்சிக் கட்டணத்தில், நாங்கள் விசாரித்த அளவில், பெரிய வித்தியாசம் இல்லை. விமானமும் கப்பலும் தங்குமிடமும்தான் அந்தமான் செலவை ஏற்றிவிடுகின்றன. பருவமும் வேறு: வடகிழக்குப் பருவமழை மாதங்களில் புதுச்சேரிக் கடல் கலங்கிவிடும், தென்மேற்குப் பருவக்காற்று மாதங்கள் அந்தமானுக்கு ஆகாது. சான்றிதழ் வேண்டாம், ஒரே ஒரு முறை உள்ளே பார்த்தால் போதும் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, அந்தமானுக்கே போங்கள். அந்த அறிமுக டைவில் ஆசிரியர் உங்களை விட்டு விலகவே மாட்டார்.

முறையாகக் கற்க வேண்டும் என்றால் விஷயம் வேறு. அங்கே தீர்ப்புச் சொல்வது கடல் அல்ல, உங்கள் காது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பதும், எச்சிலை விழுங்கினால் 'பட்' என்று திறப்பதும் எங்களுக்குப் பழக்கம். ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம் அது. அந்த மலைப்பாதை முழுவதும் காது தாங்கும் அழுத்த மாற்றம், தண்ணீரில் முதல் ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிடுகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, நடுக்காதுக்குக் காற்றை அனுப்பிக்கொண்டே இறங்க வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவதில் பயனில்லை, வருவதற்கு முன்பே ஊத வேண்டும். அடைத்துக்கொண்டால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் இது எதுவுமே பலிக்காது. மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குவதும் ஆபத்து: ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால், மேலேறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இனி மைத்துனன் கதை. கிளம்பும்போதே அவனுக்குத் தும்மல். விமான டிக்கெட்டும் விடுதியும் முன்பே பணம் கட்டியாகிவிட்டது, யார் நிற்பார்கள்? பாடமும் கரையோரப் பயிற்சியும் எப்படியோ முடிந்தன. கடலில் மூன்று மீட்டரைத் தாண்டவில்லை. காதுக்குள் ஊசி குத்தியதுபோல் வலி. ஆசிரியர் மேற்கொண்டு இறக்க மறுத்துவிட்டார், அதுதான் சரி. "அவ்வளவு தூரம் போய் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்தேன், மாமா" என்றான்.

என் வலது காதும் அவனுடையதற்கு இளைத்ததல்ல. பனிக்காலம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் மலைவாசி நான். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்திலேயே அது திறக்க மறுத்தது. ஆனால் நான் இழந்தது ஒரு பஸ் டிக்கெட் மட்டுமே. வீடு திரும்பி, மூக்கு சரியான பிறகு மூன்றாவது வாரம் மறுபடி போனேன். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி. தவணை முறையில் கற்க முடிவதுதான் அந்த ஊரின் பெரிய சலுகை.

எனக்கு அந்தத் தவணை இன்னொரு விதத்திலும் உதவியது. நான் கிணற்றில் நீச்சல் கற்றவன். பயிற்சியில் கேட்கும் 200 மீட்டர் நீச்சலும் பத்து நிமிட மிதப்பும் சிரமமாக இல்லை. சிரமம் மூச்சில். முங்கு நீச்சல் அடித்து வளர்ந்தவனுக்குத் தலை நனைந்தவுடன் மூச்சு தானாக நின்றுவிடும். ஸ்கூபாவின் முதல் விதியோ மூச்சைப் பிடிக்கவே கூடாது என்பது. பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும். சிறுவயதுப் பழக்கத்தை உதற எனக்கு இரண்டு வார இடைவெளி தேவைப்பட்டது. அந்தமானுக்குப் போய் ஒரே மூச்சில் நான்கே நாளில் முடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டைவ் முடித்த அன்று விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். உடலில் கரைந்த நைட்ரஜன், வெளி அழுத்தம் குறைந்தால் குமிழாகிவிடும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மலைக்கும் அதே நியாயம்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 600 மீட்டருக்கு மேல் ஏறுவதற்கே இந்தக் காத்திருப்பு உண்டு. ஏற்காடு 1,500 மீட்டர். மாலையில் புதுச்சேரியில் கிளம்பி இரவோடு இரவாக வீட்டுக்கு ஏறிவிடலாம் என்று நானும் திட்டம் போட்டிருந்தேன். ஆசிரியர் ஊரைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சேலம் 300 மீட்டருக்கும் கீழே என்பதால், ஒவ்வொரு முறையும் மைத்துனன் வீட்டில் ஓர் இரவு தங்கி மறுநாள் மதியத்துக்கு மேல் மலையேறினேன். அவன் மனைவி வைக்கும் குழம்பை இதில் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தமானில் நான் இதுவரை ஸ்நார்கெல், அதாவது மூச்சுக்குழாயுடன் மேற்பரப்பில் மிதந்து உள்ளே பார்ப்பது, மட்டுமே செய்திருக்கிறேன். அங்கே பயிற்சி எப்படி என்று நான் சொல்வதெல்லாம் அவன் வாய்வழி வந்தது. சளி தொல்லை இல்லாத, ஒரு வாரம் முழுதாக விடுப்பு கிடைக்கிற இளைஞருக்கு அங்கேயே கற்பது நன்றாகவே அமையலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஓர் ஊரில் முடித்து, கடல் டைவ் நான்கையும் 12 மாதத்துக்குள் வேறோர் ஊரில் செய்யலாம். முதலில் கற்ற இடத்தில் அதற்கான பரிந்துரைப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மைத்துனன் வாங்கி வைத்திருக்கிறான். மார்ச்சில் புதுச்சேரிக்கு வருகிறான், இந்த முறை பஸ்ஸில். தும்மல் வந்தால் விழுப்புரத்திலேயே இறங்கித் திரும்பிவிடுவானாம்.