கடலோர வீட்டுக்கு வாளியில் கடல் உப்பு: ரெட் சீ நீல வாளி பற்றி

குளச்சலில் குடியிருந்துகொண்டு, வீட்டுப் பவளத் தொட்டிக்குத் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கடல் உப்பை வாளியில் விலைக்கு வாங்குகிறேன். மாடியில் ஏறி நின்றால் துறைமுகம் தெரியும் வீடு. மாமனார் வாழ்நாள் முழுக்க வள்ளத்தில் கடலுக்குப் போனவர். முதல் வாளி வந்து இறங்கிய அன்று, "கடல் இந்தா கெடக்கு. நீ உப்பை வெல குடுத்து வாங்குதியா மோளே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குமரி மாவட்டத்தில் வீட்டில் பவளத் தொட்டி வைக்க ஆசைப்படும் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் இந்த உப்பை, காசில்லாமல் கிடைக்கும் கடல் தண்ணீரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் பயன்படுத்துவது ரெட் சீ கம்பெனியின் நீல வாளி. அதே கம்பெனி 'கோரல் ப்ரோ' என்ற பெயரில் கருப்பு வாளியிலும் ஒன்று விற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக் கொள்ளளவு 190 லிட்டர். பாறையும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு க்ளவுன் மீன்கள், காளான் பவளம், ஜோயாந்திட், லெதர் என்று மென்பவளங்கள் (கல் எலும்புக்கூடு கட்டாதவை) மட்டும்தான் உள்ளே.

கல் பவளம் கிடையாது, வைக்கவும் மாட்டேன். கல் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கடலிலிருந்து எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சேதத்தின் மிச்சம்தான் இப்போது இருப்பது. ஆகவே "லைவ் ராக் இருக்கு, அந்தப் பக்கத்துக் கடல்ல எடுத்தது" என்று யாராவது கொண்டு வந்தால் தொடாதீர்கள். தொட்டிக்குள் அடுக்க விற்கும் அந்தக் கடற்பாறை பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். செயற்கையாக வார்த்த பாறை கிடைக்கிறது. அதில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். க்ளவுன் மீனையும் தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்கலாம். நமக்குப் பக்கத்து விழிஞ்ஞத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே க்ளவுன் குஞ்சு பொரித்து வளர்த்திருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, கடல் தண்ணீருக்கு வருவோம். நம் கரைக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம்: அலை அடிமண்ணைக் கிளறி, கரையோரத் தண்ணீரைக் கலங்கலாக்கி வைத்திருக்கும். அதே மாதங்களில் ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் சத்துகளோடு மேலே வரும். நம் ஊருக்கு மீன் பாடு கிடைப்பதே அதனால்தான். ஆனால் அந்தச் சத்துகளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. தொட்டியில் பாசிதான் அதைத் தின்று கொழுக்கும். அது முடிந்தால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவம். குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்திலும், வள்ளியாறு கடியப்பட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும் மழைத் தண்ணீரைக் கடலில் கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலோ கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்றில்லாத நாளில் திடீரென்று அலை ஏறி ஆளை இழுக்கும் கரையில் கேனோடு போய் நிற்கலாமா? ஒரு தொட்டிக்காக யாரும் அந்த ஆபத்தில் இறங்கக் கூடாது.

ஆற்று முகங்களைப் பற்றி மாமா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பெரிய உதவி. "மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி மேலால கெடக்கும் மோளே, அடியிலதான் உப்பு" என்றார். நல்ல தண்ணீர் எடை குறைந்தது, அதனால் மேலே பாயாக விரிந்து நிற்கும். நாம் கேனை முக்குவதும் மேலேதான். தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து எடுத்து வந்த தண்ணீரை அளந்து பார்த்தேன். நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், பவளத்துக்கு 1.025, 1.026 வேண்டிய இடத்தில் 1.022 பக்கம் காட்டியது. அதை அப்படியே வாரா வாரம் தொட்டியில் ஊற்றினால் உப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மீன் ஓரளவு தாங்கும். பவளம் மூடிக்கொள்ளும்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை, கரையை விட்டு நன்றாக வெளியே போய் வள்ளத்திலிருந்து எடுத்த தண்ணீர் அருமையான தண்ணீர். அதற்கு நிகராகச் செய்யத்தான் எல்லா உப்புக் கம்பெனியும் பாடுபடுகிறது. வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்து, என்ஜின் அடிக்காத பக்கமாக, டீசல் படாத புது கேனில் பிடித்துத் தர முடியுமானால், மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அந்த மூன்று மாதமும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 20 லிட்டர் கேன் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் கனம். மீதி ஒன்பது மாதத்துக்கு என்ன செய்வது? பவளம் காலண்டர் பார்ப்பதில்லை. ஒரே மாதிரித் தண்ணீர் வருஷம் முழுக்க வேண்டும். நான் வாளிக்குப் பணம் கொடுப்பது அந்த 'ஒரே மாதிரி'க்குத்தான், இந்த நீல வாளி அதைத் தருகிறது.

என்ன தருகிறது என்று எண்ணிக்கையில் சொல்கிறேன். லிட்டருக்கு சுமார் 38 கிராம் கரைத்தால் உப்புத்தன்மை 35 வருகிறது, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு. அப்போது காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அருகில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கால்சியம் 430 அருகில், மக்னீசியம் 1280 அருகில். சாதாரணக் கடல் தண்ணீரில் காரத்தன்மை 7 பக்கம், கால்சியம் 410, 420, மக்னீசியம் 1300 பக்கம் இருக்கும். ஆக, கடலுக்கு மிக அருகில். கருப்பு வாளியில் காரத்தன்மை 12 பக்கம் போகும். அது கல் பவளம் வேகமாக எலும்பு வளர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது. மென்பவளம் மட்டும் வைத்திருக்கும் நமக்கு அந்த அளவு தேவையே இல்லை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான், கருப்பு இன்னும் நல்லது" என்று சொன்னாலும் நீலத்தையே கேளுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு வேலை நாகர்கோவிலில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில். சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்துப் பார்ப்பது தினசரி வேலை. அதே கருவியின் உப்புக்கான வகையை ஆன்லைனில் வாங்கலாம், விலை அதிகமில்லை. ஆனால் மலிவான பலவற்றில் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்குப் போட்டது. காய்ச்சி வடித்த தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்து விட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், 35 வரும் இடத்தில் ஒன்றிரண்டு தள்ளிக் காட்டும். 35 என்று குறித்த சரிபார்ப்புக் கரைசல் சின்ன பாட்டிலில் வருகிறது. அதை வைத்துத் திருகைச் சரிசெய்யுங்கள். உப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர் அந்த பாட்டிலை விட்டுவிட்டால், வாங்கிய நல்ல உப்புக்கு அர்த்தமே இல்லாமல் போகும். மிதக்கும் பிளாஸ்டிக் முள் வைத்த ஹைட்ரோமீட்டர் வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், அளவு மாறிவிடும்.

உப்பு நன்றாக இருந்தும் தொட்டி பாசி பிடித்துப் பழுப்பாகிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, கரைத்த தண்ணீர் எது என்றுதான். கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ, ருசிக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பக் கலக்கும். கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் ஐம்பது, அறுபது காட்டும். பவளத் தொட்டிக்கு அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சத் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழல் ஒன்று சேர்த்தால் வந்துவிடும். ரெசின் தீர்ந்ததும் எண் ஏறத் தொடங்கும், அப்போது மாற்ற வேண்டும். ஆர்ஓ வெளியே தள்ளும் தண்ணீரை நான் முற்றம் கழுவப் பிடித்து வைக்கிறேன்.

கரைப்பது எளிது. முதலில் தண்ணீர், அதில் உப்பு. உப்பைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் கெட்டியான கரைசலாகி, கால்சியமும் காரமும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. ஒரு சின்ன பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்) போட்டு ஓடவிட்டால் இந்த உப்பு கண்ணாடி மாதிரி தெளிந்துவிடுகிறது. இரவு கரைத்து காலையில் ஊற்றுவது என் வழக்கம். வாரம் 15 லிட்டர் மாற்றுகிறேன், அதற்கு 570 கிராம். தராசில் நிறுத்துத்தான் எடுப்பேன், கப்பில் அள்ளுவதில்லை. லாரியில் குலுங்கி வரும்போது கனமான தூள் அடியிலும் லேசானது மேலேயும் பிரிந்திருக்கும். ஆகையால் புது வாளியைத் திறக்கும் முன் மூடியோடு தரையில் உருட்டிப் புரட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மேலிருந்து அள்ளினால் முதல் வாரத் தண்ணீரும் கடைசி வாரத் தண்ணீரும் ஒன்றாக இருக்காது.

நம் ஊரில் எந்தக் கம்பெனியின் உப்பாக இருந்தாலும் ஒரு கஷ்டம் உண்டு. ஈரக்காற்று. இந்தக் கலவைகளில் இருக்கும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னையில் ஏசி அறையில் வைப்பவர் சொல்வதை நம்பி குளச்சலில் வாளியைத் திறந்து வைக்கக் கூடாது. ஆனி, ஆடியில் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டால் ஒரு வாரத்தில் கட்டி பிடிக்கும். கட்டியானதை உடைத்துக் கரைத்தாலும் காரத்தன்மை குறைந்தே வரும், ஏனென்றால் ஈரம் பட்ட இடத்தில் அது கால்சியத்தோடு அப்போதே சேர்ந்துவிட்டது. வாளி வந்த அன்றே உருட்டிக் கலந்து, வாரத்துக்கு ஒன்றாக 570 கிராம் பைகளில் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, அதே வாளிக்குள் அடுக்கி மூடிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. 22 கிலோ வாளி ஒன்பது மாதம் வரை வருகிறது என்பதால் இந்த உழைப்பு வீண் போகாது.

அப்புறம், ஆவியாகும் தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. ஆர்ஓவும் டிஐயும் தாண்டி வந்த வெறும் தண்ணீர் போதும். சித்திரை, வைகாசியில் தொட்டி 31 டிகிரி வரை ஏறப் பார்க்கும். பவளத்துக்கு 25, 26 நல்லது. மேற்பரப்பில் ஃபேன் அடித்தால் ஆவியாதல் கூடி சூடு இறங்கும். ஈரக்காற்று நாட்களில் அந்த ஃபேனுக்கும் பாதி வேலைதான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் வசதி உள்ளவர்கள் வாங்குங்கள், நான் இன்னும் வாங்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒரு மூடிய டிரம்மில் கரைத்த தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவும், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் வைத்திருப்பேன். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

விலை கடைக்குக் கடை மாறுகிறது, நாகர்கோவிலில் உள்ள மீன் கடைகளில் பெரும்பாலும் இருப்பு இருப்பதில்லை. சென்னை, பெங்களூர், கொச்சிக் கடைகளிலிருந்து பார்சலில் வரவழைக்க வேண்டும். கனத்தால் அனுப்பும் செலவும் கணிசம். ஒரு தடவை மூடி விரிசலோடு வந்தது. பார்சல் ஆபீசிலேயே திறந்து காட்டிப் படம் எடுத்ததால் விற்றவர் மாற்றிக் கொடுத்தார். நீங்களும் கையெழுத்துப் போடும் முன் மூடியைச் சுற்றிப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் எடுத்ததும் பெரிய வாளி வாங்க வேண்டாம். 7 கிலோ வாளி இருக்கிறது. என்னுடையது போன்ற மூன்றடித் தொட்டியை முதல் முறை நிரப்ப 5.7 கிலோ போகும், மிச்சம் இரண்டு வாரத் தண்ணீர் மாற்றத்துக்கு வரும். பாறை பழகும் அந்த ஆறு வாரத்தில் மாற்ற வேண்டிய தண்ணீரும் குறைவு. மீன் விடும் நாள் நெருங்கும்போது 22 கிலோவுக்குச் சொல்லி வையுங்கள். ஆடிக்கு முன்னால் வந்து சேரும்படி பார்த்துக்கொண்டால் பை கட்டும் வேலை சுலபம்.