வாத்துக் குஞ்சுக்கு எதை விரிப்பது: வைக்கோலா, உமியா, மணலா?

மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. ஆனால் சளிச் சத்தம் கேட்கவில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்னும் பூஞ்சை நோய். செத்த குஞ்சை அறுத்தால் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் கேழ்வரகு அளவு மஞ்சள் முடிச்சுகள் இருக்கும். இது குஞ்சுக்குக் குஞ்சு ஒட்டுவதில்லை, பூஞ்சை வித்துகளை மூச்சோடு இழுப்பதால் வருகிறது. ஆன்டிபயாடிக் கேட்காது. ஆகவே கூளத்தில்தான், அதாவது குஞ்சுக்கு அடியில் விரிப்பதில்தான், கண் வேண்டும். (பொரித்த நாலைந்து நாளிலேயே இப்படி மூச்சு வாங்கினால் கூளத்தோடு, அழுக்கு முட்டையையும் பொரிப்பானையும் சேர்த்துப் பாருங்கள்.)

தொண்டியிலிருந்து மண்டபம் வரை பலர் வைக்கோலைத்தான் போடுகிறார்கள். காசு செலவில்லை, குஞ்சுக்குக் கதகதப்பு. சிக்கல் காலத்தில் இருக்கிறது. தை மாசியில் அறுத்து ஏற்றிய படப்பு (வைக்கோல் போர்), ஐப்பசி மழையில் மேலும் அடியும் நனைகிறது. ஈரத்தில் பூஞ்சை வளரும். பிறகு காய்ந்து உதறும்போதுதான் வித்து பறக்கும். அதனால் நனைந்து காய்ந்த வைக்கோல், ஈர வைக்கோலைவிட மோசம். பார்வைக்கு நன்றாகத் தெரிவதால் ஏமாற்றிவிடும். அறுவடை முடிந்த புதுசு, நன்கு உலர்ந்தது என்றால் மட்டும் நறுக்கிப் போடலாம்.

உமி கோடைக்கு நல்லது. 5 முதல் 8 சென்டிமீட்டர் விரித்து, தினம் கிளறினால் போதும். ஆலை வாசலில் வெட்டவெளியில் குவித்ததை வாங்காதீர்கள். கைப்பிடி இறுக்கித் திறந்தால் உதிர வேண்டும், கட்டியாக நின்றால் ஈரம்.

மழைக்காலத்துக்கு எங்கள் ஓட்டு மணலுக்கு. பூஞ்சைக்குத் தின்ன அதில் ஒன்றுமில்லை. கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கொத்தித் தின்னும் குஞ்சுக்கும் ஆகாது. உள்நாட்டு மணலைச் சலித்து வெயிலில் காயவைத்துப் போடுங்கள். மணல் குளிரும் என்பதால் குஞ்சு இறங்கும் முன்பே விளக்கைப் போட்டு, முதல் வாரம் 32 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் மேலே சாக்கு விரித்து, தினம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு பசியில் மணலை விழுங்கும். சாக்குக்குப் பதில் செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்துவிடும்.

தென்னை நார்க்கழிவு விலை மலிவுதான். தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது, குஞ்சுக் கொட்டகைக்கு வேண்டாம்.

எதைப் போட்டாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூளத்தில் வைத்தால் எல்லாம் வீண். வாத்து குடிப்பதில் பாதி சிந்தும். ஓர் ஓரத்தில் குழி தோண்டி, மேலே கம்பி வலை போட்டு, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள்.

பூஞ்சை கண்ட கூளத்தைக் குஞ்சு இருக்கும்போது கிளறக் கூடாது. குஞ்சுகளை மாற்றிவிட்டு, கூளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கை நன்றாக மூடிக்கொண்டு அள்ளுங்கள். அந்த வித்து மனிதர் நுரையீரலையும் விடாது.