தண்டர்பேர்ட்ஸ் முழுத் தொகுப்பு: வாங்கத் தக்கதே

சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடையொன்றில் வாங்கிய இவ்வட்டுத் தொகுப்பில், 1965, 1966ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தண்டர்பேர்ட்ஸ் என்னும் பொம்மைத் தொலைக்காட்சித் தொடரின் 32 பகுதிகளும் உள்ளன. கெர்ரி, சில்வியா ஆண்டர்சன் தம்பதியர் உருவாக்கிய இத்தொடரில், முன்பே பதிவுசெய்த வசனத்தின் மின்குறிப்புகள் மெல்லிய உலோகக் கம்பிகள் வழியே பொம்மையின் தலைக்குள் உள்ள மின்காந்தச் சுருளை இயக்க, பேச்சுக்கேற்ப உதடு அசைகிறது. நடை மட்டும் தள்ளாடுவதால் அவை பெரும்பாலும் அமர்ந்தே பேசுகின்றன. டெரெக் மெடிங்ஸ் அமைத்த சிற்றுருவக் காட்சிகளே தொடரின் உயிர். பச்சை நிற மீட்பு விமானமான தண்டர்பேர்ட் 2 புறப்படுகையில் இருபுறமும் பனைமரங்கள் சாய்ந்து வழிவிடுவதைச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த நாங்கள் எப்படி மறப்போம்! கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பொம்மைத் தொடர்கள் பார்த்த தலைமுறைக்கு இவ்வண்ணங்கள் பெருங்கொடை. தமிழிலோ மலாயிலோ துணைவசனம் இல்லாததால், சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அருகிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.