பேரோஸா, பாண்டோஸா? ரிப்பேர் கணக்கைப் போட்டுப் பார்த்தால்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் கேமில் ரூன் கவசத்தைத் தாண்டிய எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: அடுத்து பேரோஸ் கவசம் வாங்குவதா, பாண்டோஸ் கவசம் வாங்குவதா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பையன்களில் பாதிப் பேர் பேரோஸ் கட்சி. நானும் ரொம்ப நாள் அதைத்தான் போட்டிருந்தேன். இப்போது பாண்டோஸுக்கு மாறிவிட்டேன், திரும்பிப் போகும் எண்ணமில்லை.

படிநிலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். போடுவதற்கு ரூனுக்கு டிஃபென்ஸ் (தற்காப்புத் திறன்) லெவல் 40, டிராகனுக்கு 60, பாண்டோஸுக்கு 65, பேரோஸுக்கு 70. லெவலைப் பார்த்தால் பேரோஸ்தான் ஒரு படி மேலே. தடுக்கும் பலமும் அதற்கே அதிகம்: குத்துக்கு எதிராக, பேரோஸ் வகையைச் சேர்ந்த தாரோக் மேல்கவசம் 122 தருகிறது, பாண்டோஸ் 98தான். ஆனால் பாண்டோஸ் மேல்கவசத்தில் ஸ்ட்ரெங்த் (அடிக்கும் பலம்) 4, கால்கவசத்தில் 2 கூடும். அடி கொஞ்சம் பலமாக விழும், குறித்த அரக்கர்களைக் கொல்லும் ஸ்லேயர் வேலை (டாஸ்க்) சீக்கிரம் முடியும். பேரோஸ் மேல்கவசத்திலும் கால்கவசத்திலும் அது பூஜ்யம்.

இதெல்லாம் அரை மணி நேரத்தில் பேசித் தீர்க்கிற விஷயம். என்னை மாற்றியது பராமரிப்புச் செலவு.

பேரோஸ் சண்டையில் தேயும். புதிதாகப் போட்டு முதல் அடி விழுந்ததுமே கவசத்தின் பெயருக்குப் பின்னால் 100 என்று ஒட்டிக்கொள்ளும். பிறகு 75, 50, 25 என்று இறங்கி, மொத்தம் 15 மணி நேரச் சண்டையில் 0 ஆகிவிடும். அப்புறம் கேமில் லம்பிரிட்ஜ் ஊரில் ரிப்பேர் செய்யும் பாப்பிடம் கொண்டுபோக வேண்டும். முழுசாகத் தேய்ந்ததைச் சரிசெய்ய தலைக்கவசத்துக்கு 60,000, மேலுக்கு 90,000, காலுக்கு 80,000, ஆயுதத்துக்கு 1,00,000 காயின். நான்கும் சேர்ந்தால் 3,30,000. அதாவது சண்டை போடும் ஒவ்வொரு மணிக்கும் 22,000 காயின் கரைகிறது. மேல்கவசமும் கால்கவசமும் மட்டும் போட்டால்கூட மணிக்கு 11,300 சொச்சம்.

கேமுக்குள் சொந்த வீட்டுப் பட்டறையில் ஆர்மர் ஸ்டாண்ட் (கவசத்தை நாமே சரிசெய்யும் இடம்) வைத்தவருக்குச் சலுகை உண்டு. ஸ்மிதிங் (கொல்லுவேலைத் திறன்) லெவல் ஒவ்வொன்றுக்கும் அரை சதவீதம் குறையும். ஸ்மிதிங் 70 இருந்தால் 35 சதவீதம் மிச்சம். மேல்கவசம், கால்கவசம் இரண்டுக்கும் மணிக்கு 7,400 அளவில் நிற்கும். “அண்ணே, ஒரு டாஸ்க்ல வர்ற காசுக்கு முன்னாடி இது என்ன பெரிய செலவு?” என்று தம்பி ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

அதற்கு என் பதில் இது. பாண்டோஸ் தேயாது. அதில் போடும் காசு அதிலேயே இருக்கும். கணக்குக்காக மேல்கவசமும் கால்கவசமும் 20 மில்லியன் காயினுக்கு வாங்கினோம் என்று வையுங்கள். கேமின் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது வரி பிடிப்பார்கள். 2021 டிசம்பரில் 1 சதவீதமாகத் தொடங்கியது, 2025-இல் 2 ஆனது. 20 மில்லியனுக்கு 4,00,000 போகும். பாப்பிடம் முழு விலை கொடுப்பவருக்கு இது சுமார் 35 மணி நேரத்து ரிப்பேர் காசு. சலுகை உள்ளவருக்கு 54 மணி நேரம். அதற்கு மேல் எவ்வளவு நேரம் விளையாடினாலும் பாண்டோஸ் சும்மா ஓடுகிறது. எங்கள் பக்கம் ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை எல்லாரும் தேடி வாங்குவதும் இதற்குத்தான்: எத்தனை வருஷம் ஓட்டினாலும் கைமாற்ற ஆள் இருக்கும்.

விலை இறங்கினால்? அந்தப் பயம் நிஜம். 20 மில்லியன் 18 ஆனால் மேலே சொன்ன கணக்கு முழுக்கக் கவிழும். அந்த 2 மில்லியனுக்குப் பேரோஸை நூற்றுக்கணக்கான மணி நேரம் ரிப்பேர் செய்யலாம். எனக்குக் கொஞ்சம் தைரியம் தருவது, 2022 ஜனவரியில் நெக்ஸ் என்ற பாஸோடு (பெரிய எதிரி) வந்த டோர்வா கவசம். அதைச் சரிசெய்ய பாண்டோஸை உடைத்துத்தான் பாகம் எடுக்க வேண்டும். ஆகவே சந்தையிலிருந்து பாண்டோஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே இருக்கும். விலை ஏறும் என்று நான் சொல்லவில்லை. அடியோடு விழாமல் தாங்க ஒரு காரணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, காசாகக் கணக்கில் வராதது. செம்பனை ஆலையில் ஷிப்டு முடிந்து வந்து கைபேசியில் விளையாடுகிறவன் நான். சின்னத் திரையில் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை யார் பார்த்துக்கொண்டே இருப்பது? டாஸ்க் நடுவில் 0 ஆனால் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு டெலிபோர்ட், ரிப்பேர், திரும்பவும் அதே நடை. எனக்குக் கிடைக்கிற ராத்திரி நேரமே கொஞ்சம். அது இதில் போவது பிடிக்கவில்லை.

பேரோஸ் வீண் என்று சொல்ல வரவில்லை. பேரோஸில் ஒரு வகையான குத்தான் முழு செட் போட்டால் நாலில் ஒரு தடவை நாம் அடித்த அளவுக்கு நமக்கே உயிர் ஏறும்; சாப்பாட்டுச் செலவு மிச்சம். தாரோக் முழு செட்டில் உயிர் குறையக் குறைய அடி ஏறும். இந்த வித்தை எதுவும் பாண்டோஸில் கிடையாது. என் குத்தான் செட்டை இன்னும் பேங்கில்தான் வைத்திருக்கிறேன். பெரிய பாஸ்களிடம் நான் அதிகம் போனதில்லை, என் அனுபவம் ஸ்லேயரோடு சரி. பாஸ் சண்டைக்கு எது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கையில் காசு இல்லாதவர் இரண்டையும் விட்டுவிட்டு பார்பேரியன் அசால்ட் என்ற குழு ஆட்டத்தில் ஃபைட்டர் டார்சோ என்ற மேல்கவசத்தை எடுங்கள். டிஃபென்ஸ் 40 போதும். ஸ்ட்ரெங்த் பாண்டோஸ் மேல்கவசத்தைப் போலவே 4. அதை விற்க முடியாது, கூட விளையாட ஆள் சேர்க்க வேண்டும், அதுதான் சிரமம். டார்சோ கையில் இருந்தால் முதலில் பாண்டோஸ் கால்கவசத்தை வாங்குங்கள், மேல்கவசம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டார்சோ இல்லையென்றால் மேல்கவசம்தான் முதலில்.