வயிற்றில் ஓட்டை: கீறித் தைப்பதா, லேப்ராஸ்கோப்பியா?

அல்சர் முற்றி இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ஓட்டை விழுந்தால், குமரி மாவட்டத்துக் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழும். நாகர்கோவில் பக்கத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியா, கேரளத்துத் திருவனந்தபுரமா? கீறியா, கேமராவும் கருவிகளும் உள்ளே விட்டுத் தைக்கும் லேப்ராஸ்கோப்பியா? பேச்சு நீள்வது இரண்டாவதில்தான். எனக்கென்னவோ முதல் கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது.

உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைப்பார்கள். 1937இல் ராஸ்கோ கிரஹாம் எழுதிவைத்த முறை. அப்புறம் சலைன் விட்டு வயிற்றைக் கழுவுவார்கள். கீறினால் மேல்வயிற்றின் நடுவே நீளமான தழும்பு, இருமும்போது வலி, தையல் பழுக்கவும் பின்னாளில் அந்த இடம் பிதுங்கவும் வாய்ப்பு. லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளைகள்தான். வலியும் சீழும் குறைவு. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இது சின்ன லாபமில்லை. ஆனால் பிரஷர் இறங்கிவிட்டாலோ, ஓட்டை பெரிதென்றாலோ, வந்து சேரவே தாமதமாகிவிட்டாலோ பெரும்பாலும் கீறத்தான் செய்வார்கள். அங்கே போய் வாதாட வேண்டாம்.

ஆபரேஷனே இல்லாத வழியும் உண்டு. மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையைக் காலியாக வைத்து, டிரிப், ஆன்டிபயாட்டிக், அமிலம் குறைக்கும் ஊசி. ஓட்டை தானாக அடைபட்டதாக ஸ்கேனில் தெரிந்த, தெம்பான சிலருக்கு மட்டும் இது சரி. எழுபது தாண்டியவர்களுக்கு ஆபத்து. பக்கத்தில் எந்நேரமும் சர்ஜன் வேண்டும்; அதனால் 'ஆபரேஷன் வேண்டாமாம்' என்று வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழியல்ல இது.

இனி நேரம். டென்மார்க்கில் 2,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்ததில், முதல் நாளில் ஆபரேஷன் தள்ளிப்போன ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 2.4 சதவீதம் குறைந்தது. களியக்காவிளைக்காரருக்குத் திருவனந்தபுரம் பக்கம், சரி, போகட்டும். ராஜாக்கமங்கலத்திலிருந்து ஆசாரிப்பள்ளத்தைத் தாண்டி அங்கே ஓடுவது தழும்புக்காக உயிரைப் பணயம் வைப்பது.

இங்கே நேரத்தை அதிகம் தின்பது 'வாய்வு' என்ற சந்தேகம். வாய்வு வலி வந்து போகும். இது திடீரென வெட்டியதுபோல் தொடங்கும்; வயிறு பலகையாக இறுகும், ஆள் அசையாமல் கிடப்பார், சிலருக்குத் தோள்பட்டையும் வலிக்கும். ஓமவாட்டர், சோடா, வலி மாத்திரை எதுவும் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பலருக்கு நிற்கவைத்து எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே உதரவிதானத்தின் கீழ் காற்று தெரிந்துவிடும்.

எந்த வழியில் தைத்தாலும், அல்சரை உண்டாக்கும் ஹெச்.பைலோரி கிருமி இருந்தால் மருந்துக் கோர்ஸை முடிக்க வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கைக் கடையில் கேட்டு வாங்குவதும் பீடியும் நிற்க வேண்டும். ஓட்டை இரைப்பையில் என்றால், ஆறு முதல் எட்டு வாரத்தில் எண்டோஸ்கோப்பி செய்து புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.