அரசு அவசர சிகிச்சைப் பிரிவு: முதல் மணி நேரத்தை நம்பலாம், அதன் பிறகு நீங்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும்

மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தமிழ்நாட்டின் அரசு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. உயிருக்குப் போராடும் நிலையில் வருகிறவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கவனிப்பு மிக நல்லது. கேஸ் பார்த்துப் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. ஆபத்துக் கட்டம் தாண்டியதும், மூன்றாவது நான்காவது மணி நேரத்தில், சேவை தளர்ந்துவிடுகிறது. ஸ்கேனுக்கு வரிசை, வார்டில் கட்டில் இல்லை, என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறவர் பயன்பெறுவார். முதலாவதை நம்பாமல் சின்ன நர்சிங் ஹோம் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறவர், நோயாளியின் நேரத்தைத்தான் இழக்கிறார்.

108-லிருந்து தொடங்குவோம். 2008 முதல் இருக்கும் சேவை, கட்டணம் கிடையாது. அழைத்தால் மாவட்டம், தாலுகா, ஊர், அருகிலுள்ள அடையாளம் என்று கேட்பார்கள். அடுத்து ஆள் நினைவோடு இருக்கிறாரா, மூச்சு இருக்கிறதா என்ற கேள்வி வரும். 'சீக்கிரம் அனுப்புங்க' என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஓட்டுநர் வழி கேட்டு, நீங்கள் எந்த எண்ணிலிருந்து பேசினீர்களோ அதே எண்ணுக்குத் திரும்ப அழைப்பார். அந்த நேரத்தில் சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி தெருமுனையில் நிற்கும். செய்தி சொல்ல வேறு போனை எடுங்கள். வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர் ஆக்சிஜன் வைப்பார், ரத்தக்கசிவைக் கட்டுவார், மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பார். சொந்தக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனால் இது எதுவும் நடக்காது.

எங்கே போவது என்பதும் முக்கியம். சென்னையில் குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம், கை விரல் துண்டானால் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை உள்ள ஸ்டான்லி. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போகும்.

வாசலில் முதலில் நடப்பது தரம்பிரித்தல். நாடித்துடிப்பு, பி.பி., ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, நினைவுநிலை இவற்றைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றால் ஓ.பி. சீட்டு, ஆதார் எதற்கும் காத்திருக்காமல் நேரே உள்ளே. பச்சை என்றால் காத்திருக்க வேண்டும், சில சமயம் இரண்டு மூன்று மணி நேரம்கூட. வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இதனால்தான். 'நாங்க முன்னாடியே வந்தோம், பின்னாடி வந்தவரை எப்படி உள்ளே விட்டீங்க' என்பார்கள். வலியில் கத்துகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்பது கத்தலிலேயே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் வியர்த்து, முகம் வெளுத்துப் படுத்திருப்பவர்தான் சிவப்பு. இந்த முறை சரியானது. காத்திருக்கும்போது நோயாளியின் நிலை மாறினால், மயக்கம் வந்தால், பேச்சு குழறினால், செவிலியரிடம் போய் 'மறுபடி பாருங்க' என்று கேளுங்கள். ஒருமுறை கொடுத்த நிறம் மாறாது என்று நினைக்க வேண்டாம்.

நெஞ்சுவலிக்கு வருவோம். 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை பொறுத்திருப்பதால் போகும் உயிர்கள் அநேகம். வந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்கவில்லை என்றால் உரிமையோடு கேளுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் பெரிய வரம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14 மாத்திரைகள் கொடுத்து, அதன் பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிறிய மருத்துவமனையிலேயே போட்டுவிட்டு, ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்ப்பது) வசதியுள்ள இடத்துக்கு மாற்றுவதும் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது சரியான வைத்திய முறை. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் வீட்டுக்கு விடாமல் வைத்திருந்தால் கோபப்படவும் வேண்டாம். மாரடைப்பின் அடையாளம் இ.சி.ஜி.யில் தாமதமாகத் தெரியலாம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏற சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டையும் திரும்பப் பார்க்கிறார்கள்.

பக்கவாதத்துக்கு ஒரே ஒரு தகவல் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 'காலையில எழுந்தப்பவே கை வரல' என்றால், கணக்கு முந்தைய இரவு தூங்கப்போன நேரத்திலிருந்து தொடங்கும். எனவே கூட வருகிறவர் நேரம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.

பாம்புக்கடியில் அரசு மருத்துவமனையை மிஞ்ச ஆள் இல்லை என்றே சொல்லலாம். விஷமுறிவு மருந்து இலவசம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைக்கிறார்கள். 2 மி.லி. ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். முதலில் 10 குப்பி மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையே இல்லை. அடிக்கப் போய் இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சம். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட கையிலிருந்து மோதிரம், வளையலைக் கழற்றி, கை அசையாமல் வைத்துக் கூட்டிவாருங்கள். கட்டுவிரியன் கடியில் வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமை தொங்க ஆரம்பித்தால் உடனே கிளம்ப வேண்டும்.

விஷம் குடித்தவர் என்றால் பாட்டிலையோ அதன் லேபிளையோ கட்டாயம் கொண்டுவர வேண்டும். எந்த மருந்து கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது. உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

விபத்து, அடிதடி, தீக்காயம், விஷம் என்றால் டியூட்டி டாக்டர் ஏ.ஆர். போடுவார், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எப்போது, எங்கே, எப்படி நடந்தது, யார் கூட்டிவந்தது என்பதெல்லாம் நீங்கள் சொல்கிறபடியே அதில் ஏறும். போலீசுக்குத் தகவலும் போகும். இங்கே செய்யும் தவறு பல மாதம் கழித்துத்தான் கடிக்கும். பைக் மோதியதை, போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து 'படியில வழுக்கி விழுந்துட்டார்' என்று சொல்லிவிடுகிறார்கள். பின்னால் விபத்து இழப்பீட்டு வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பெயர், வயது, தேதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அப்போதே பார்த்து, ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் கிடந்தவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

சாலை விபத்துக்கு இன்னொரு வசதி, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48'. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது செல்லும். அங்கே முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி குறைகள். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்பது இன்னும் ஒழியவில்லை. இது வெட்கக்கேடு. கொடுக்காதீர்கள். நிலைய மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) புகார் சொல்லலாம், சுகாதார உதவி எண்ணான 104-க்கும் அழைக்கலாம். கழிப்பறை பல இடங்களில் மோசம். கூட வருபவர் உட்கார இடமில்லை. இதைவிடப் பெரிய குறை, ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போவது. காலை டாக்டர் சொன்ன ஸ்கேன், அடுத்து வந்தவருக்குத் தெரியாமலே கிடக்கும். எனவே கூட இருப்பவர் ஒரு நோட்டில் மூன்றை எழுதிவைக்க வேண்டும்: எந்த யூனிட் (நோயாளியைப் பார்க்கும் டாக்டர் குழு), என்ன பரிசோதனை பாக்கி, அடுத்த டாக்டர் எப்போது வருவார். ஷிஃப்ட் மாறியதும் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் அதைப் பணிவாக வாசித்துக் காட்டுங்கள். சண்டை போட்டுக் கிடைக்காதது இதில் கிடைக்கிறது.

ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். பத்துப் பேர் நுழைவதால் உயிர்காக்கும் சிகிச்சை நடக்கும் மேசையைச் சுற்றி டாக்டருக்கே இடம் இல்லாமல் போகிறது. போகிறவர் கையில் பழைய மருந்துச்சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, போர்வை, தண்ணீர் பாட்டில், சார்ஜர் இருக்கட்டும். நோயாளிக்கு மட்டும், டாக்டர் சொல்லும்வரை, காபிகூடக் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் ஏறிவிடும்.

தலையில் அடிபட்டவரை 'ஸ்கேன் நார்மல்' என்று அன்றிரவே அனுப்பிவிட்டால், வீட்டில் முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் போல வடிதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அதே சீட்டையும் ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே திரும்புங்கள். அந்த இரவில் அவருக்குத் தூக்க மாத்திரையோ மதுவோ கொடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள், மயக்கம் எதனால் வந்தது என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.